பதினைந்தாம் தேதி வரை இங்கே இருப்போம்

காஸல், 11 ஜனவரி 1987

அன்புத் தங்கை கெசீனாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் ஹெட்டாவும் பையன்களும் சௌக்கியம். எனக்கு மட்டும் இடது காதில் கொஞ்சம் குடைச்சல். நீ, மாப்பிள்ளை கோர்பினியன், குட்டி ரெஸி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

விடுமுறை வீடுகளின் கேட்லாக் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசை முழுக்க அதுதான் விரிந்து கிடக்கிறது. ஹெட்டா சூப்பை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள், என்னைத் திட்டிக்கொண்டே. வெளியே முழங்கால் அளவு பனி. நானோ ஆகஸ்டில் டென்மார்க்கில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடமாகப் போகிற, 'வானம்பாடி' என்று பெயர் போட்ட அதே வாடகை வீடுதான் இந்த வருடமும். நீங்கள் பவேரியாக்காரர்கள், ஊரெல்லாம் விடுமுறை முடித்துப் பெட்டியை மேலே ஏற்றும்போதுதான் பெட்டியைக் கீழே இறக்குவீர்கள். பள்ளி விடுமுறை நம் இரண்டு மாநிலத்துக்கும் பொதுவாக விழுவது ஆகஸ்டை ஒட்டிய அந்த மூன்று வாரம்தான். இந்த மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் எவனாவது ஹாம்பர்க்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான். சரி என்று ஒரு வரி எழுது, போதும்.

டிசம்பரில் விடுமுறைப் படங்களை ஸ்லைடு போட்டுக் காட்டும் மாலைக்கு நீங்கள் வராதது பெரிய குறை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். நீ நண்டு வாளியோடு நிற்கும் படத்தில் கையில் நீலமாகக் கன்றிப்போயிருப்பதைப் பார்த்து ஒருத்தி கேட்டாள். "என் தங்கச்சி விழறதுக்குப் படியெல்லாம் வேண்டாம், சமதரையே போதும்"னு சொன்னேன். அறையே சிரித்தது. ஹெட்டா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு ஸ்லைடு என்றாலே தூக்கம்.

ரெஸிக்கு மாமாவின் முத்தம்.
உன் அண்ணன், ரைன்ஹோல்ட்

*

ரெகன்ஸ்பர்க், 30 ஜனவரி

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் நலம். காதுக்கு வெதுவெதுப்பான எண்ணெய் விடு, பஞ்சை உள்ளே திணிக்காதே. அண்ணியையும் பையன்களையும் விசாரித்ததாகச் சொல்.

இந்த வருடம் எங்களால் வர முடியாது. அவர் இத்தாலிப் பக்கம், கார்டா ஏரிக்குப் போகலாம் என்கிறார். எங்களுக்காகப் பதிவு செய்ய வேண்டாம். அதுவுமில்லாமல் அந்த வீட்டில் அறைக்கும் அறைக்கும் நடுவே வெறும் பலகை. போன வருடம் எங்களால் உங்கள் தூக்கம் கெட்டிருக்கும்.

வருத்தப்படாதே.
கெசீனா

*

காஸல், 8 பிப்ரவரி

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம், காதும் நலம், எண்ணெய் வேலை செய்தது. நீங்கள் நலம்தானே?

பலகைச் சுவராவது, தூக்கம் கெடுவதாவது! நான் அங்கே அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறவன். உன் சாக்கைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. நீ சுற்றி வளைப்பாய் என்று தெரிந்து நேற்று மாப்பிள்ளைக்கே போன் போட்டுவிட்டேன். கார்டா ஏரி எப்படி என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் வேண்டாம்னு சொல்லவே இல்லையே ரைன்ஹோல்ட். அவளா எழுதினா? எனக்குத் தெரியாம எழுதறாளா?" என்று சிரித்தார். தங்கமான மனுஷன். டென்மார்க்கே சரி என்று அங்கேயே முடித்துவிட்டோம். நானும் பதிவு செய்துவிட்டேன்.

இனியாவது அண்ணனிடம் கதை விடாதே. ரெஸிக்கு முத்தம்.
ரைன்ஹோல்ட்

*

ரெகன்ஸ்பர்க், 15 மார்ச்

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். எழுத்து கோணலாக இருக்கும். வலது கையில் கட்டு, இடது கையால் எழுதுகிறேன். அலமாரி மேலிருந்து சூட்கேஸை இறக்கும்போது விழுந்துவிட்டேன். விலா எலும்பிலும் கொஞ்சம் அடி. இப்போது பரவாயில்லை. நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

டென்மார்க் பதிவானதில் அவருக்குச் சந்தோஷம். இனிமேல் விடுமுறை விஷயமாக அவருக்குப் போன் செய்ய வேண்டாம், அண்ணா. தயவுசெய்து.

கெசீனா

பின்குறிப்பு: வீட்டுக்கு வரும் கடிதங்களை அவர்தான் பிரிப்பார். இதை நானே தபால்பெட்டியில் போடுகிறேன். இனி எனக்கு எழுதினால் எங்கள் தேவாலய நூலகத்து முகவரிக்கு எழுது. செவ்வாய்க்கிழமை அங்கே நான் தனியாக இருப்பேன்.

*

காஸல், 22 மார்ச்

என் கெசீனாவுக்கு,

உன் கை எப்படி இருக்கிறது? விலா எப்படி? டாக்டரிடம் போனாயா? முதலில் இதற்குப் பதில் சொல்.

உன் கடிதத்தை ஹெட்டாவிடம் காட்டினேன். அவள் மாடிக்குப் போய் ஸ்லைடு பெட்டிகளை எல்லாம் கொண்டுவந்தாள். மூன்று வருடப் பெட்டிகள். திரைகூடப் போடவில்லை, ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள். கை. கழுத்து. சாயங்காலத்தில் நீ கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கும் படம். அதை எடுத்தவன் நான். சினிமாக்காரி மாதிரி இருக்கிறாய் என்று கேலி செய்தவனும் நான்தான்.

"லீவுல, நம்ம எல்லாரும் கூட இருக்கறப்பவே இத்தனை தடவை விழறான்னா, வீட்டுல எத்தனை தடவை விழுவா? யோசிச்சியா ரைன்ஹோல்ட்?" என்றாள். நான் யோசித்ததே இல்லை, கெசீனா. மேகம், வெளிச்சம், அலை எல்லாம் பார்த்துப் பார்த்துப் படம் எடுத்தேன். உன்னைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நேராகவே கேட்கிறேன். அவன் உன்னை அடிக்கிறானா? நான் போன் செய்ததற்கா அந்தக் கை?

ரைன்ஹோல்ட்

*

ரெகன்ஸ்பர்க், 31 மார்ச்

அண்ணா,

கட்டுப் பிரித்தாயிற்று. விரல்கள் மடங்குகின்றன. நீ காதைப் பார்த்துக்கொள்.

ஆமாம். இரண்டுக்குமே ஆமாம்.

ரெஸி பிறந்த வருடம் ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக எழுத எனக்குத் தெம்பில்லை. டென்மார்க்கில் பலகைச் சுவர் என்பதால் தலையணையை முகத்தில் வைத்து அழுத்துவார். அடுத்த அறையில் நீங்கள் சீட்டு விளையாடிச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். கத்தினால் கேட்டிருக்கும். ஆனால் நீ ஒரு வருடமாகத் திட்டம் போட்ட விடுமுறை அது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை. இதை எழுதும்போது எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது, அப்போது அப்படித் தெரியவில்லை.

அடிபட்ட பெண்களுக்கான காப்பகத்துக்குப் போகலாமே என்று அண்ணி கேட்பார். இந்த ஊரில் அதற்குப் பணம் ஒதுக்கும் நகரசபைக் குழுவில் என் வீட்டுக்காரரே உறுப்பினர். காலையில் நான் அங்கே போனால் மத்தியானம் அவர் காதுக்குப் போய்விடும். உன் வீட்டுக்கு வந்தால் முதலில் அங்கேதான் வந்து நிற்பார். போன வாரம் ரெஸி அவரைத் தடுக்க நடுவில் வந்தாள். அவளையும் தள்ளிவிட்டார். அதனால்தான் கேட்கிறேன். எங்களை அவருக்குத் தெரியாத ஓர் இடத்தில் கொண்டுபோய் வை, அண்ணா. இடம் பிடிப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

கெசீனா

*

காஸல், 12 ஏப்ரல்

என் தங்கைக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? ரெஸி எப்படி?

இடம் பிடித்தாயிற்று. கேட்லாக்கில் யாரும் புரட்டாத கடைசிப் பக்கங்களில் ஸ்வீடன் இருக்கிறது. எக்செலா என்று ஒரு கிராமம், ஏரிக்கரை, சிவப்பு மரவீடு. நம் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, கொசு அதிகம் என்று. மே, ஜூன் இரண்டு மாதமும் காலி. ஹெட்டாவின் அம்மாவழிப் பெயரில் பதிவு செய்திருக்கிறேன்.

மே 12, செவ்வாய். வழக்கம்போல் நூலகத்துக்குக் கிளம்புவதுபோல் கிளம்பு. கையில் கடைக்குப் போகிற பை மட்டும் போதும், சூட்கேஸைத் தொடாதே. ரெஸிக்குப் பல்வலி என்று பள்ளியில் சொல்லிக் கூட்டிக்கொள். ஹனோவர் ஸ்டேஷனில் நான் நிற்பேன். ஹெட்டாவின் துணிகளோடு பெட்டி என்னிடம் இருக்கும். உனக்குக் கொஞ்சம் தொளதொளப்பாக இருக்கும், அவளிடம் இதைச் சொல்லாதே. கப்பல் டிக்கெட், மாற்று ரயில், ஒரு ரயில் தவறினால் அடுத்தது எது, எல்லாம் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மனப்பாடம் செய்துவிட்டு அதையும் இந்தக் கடிதத்தையும் எரித்துவிடு. வாழ்நாளெல்லாம் பயணத் திட்டம் போட்டவன் நான். உருப்படியானது இது ஒன்றுதான்.

அவித்த முட்டையும் ரொட்டியும் கொண்டுவருவேன். ரயில் சாப்பாட்டை நம்பாதே.

ரைன்ஹோல்ட்

*

எக்செலா, 24 மே

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நாங்கள் இருவரும் நலம். இந்தத் தடவை இது வெறும் வார்த்தை இல்லை. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

ஹனோவரில் நீ தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டு நின்ற கோலத்தைப் பார்த்து ரெஸிக்கு வந்த சிரிப்பு கப்பல் ஏறும்வரை அடங்கவில்லை. அண்ணியின் பாவாடையை ஊக்கு குத்திக் கட்டிக்கொள்கிறேன். முதல் வாரம் கதவுக்கு நாற்காலி முட்டுக்கொடுத்துப் படுத்தேன். இப்போது கொடுப்பதில்லை. நேற்று மத்தியானம் புல்லில் படுத்துத் தூங்கிவிட்டேன். விழித்தபோது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது. அழுதேன், ஆனால் அது நல்ல அழுகை.

வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் சீவ் அம்மா என்னிடம் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் ஒரு குடும்பம் போய் அடுத்த குடும்பம் வருவதற்குள் வீடுகளைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டுமாம், சேர்ந்துகொண்டேன். ஜூலையில் இந்த வீட்டைக் காலி செய்ததும் அவர் வீட்டு மாடியறை எங்களுக்கு. இலையுதிர்காலத்தில் ரெஸியை இங்கே பள்ளியில் சேர்க்கலாம், வக்கீலும் பார்த்துத் தருகிறேன் என்கிறார். அதுவரை ரெஸியின் அப்பா கண்ணில் படாமல் இருந்துவிட்டால் போதும், அண்ணா. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

கெசீனா

*

காஸல், 7 ஜூன்

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை இருவரும் மாற்றி மாற்றிப் படித்தோம். பாவாடை விஷயத்தை ஹெட்டாவுக்கு நீயே காட்டிக்கொடுத்துவிட்டாய். இங்கே எல்லோரும் சுகம்.

போன ஞாயிறு கோர்பினியன் வந்தான். ஹெட்டா காபி மட்டும் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிக்குக் கேக் வைக்காதது அவள் வாழ்க்கையிலேயே முதல்தடவை. அவன் அழுதான். டென்மார்க் வரை போய் வானம்பாடியில் எட்டிப் பார்த்தானாம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊர்ல நெஞ்சுச் சளிக்குக் கடலோரம் சிகிச்சைக்குப் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன். இலையுதிர்காலம் வரைக்கும் ஜனங்க நம்புவாங்க. அதுக்குள்ள அவ வந்தாகணும், ரைன்ஹோல்ட்" என்றான். அந்தக் குரலில் அழுகை இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியமே செய்தேன். பையன்களுக்கும் இன்னும் சொல்லவில்லை.

டென்மார்க் வீட்டைச் சத்தமில்லாமல் ரத்து செய்துவிட்டேன். ஜூலை கடைசியில் நாங்கள் அங்கேதான் வருகிறோம், ஏரிக்கு அந்தப் பக்கத்து வீடு. ஊருக்கெல்லாம் டென்மார்க் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீ நிம்மதியாக இரு. உன் அண்ணன் வாயைத் திறக்க மாட்டான்.

ரைன்ஹோல்ட்

*

காஸல், 19 ஆகஸ்ட்

அன்புள்ள கெசீனாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். ஹாம்பர்க் அருகே கார்கள் நகரவே இல்லை, பையன்கள் பின்சீட்டில் அடித்துக்கொண்டார்கள். மற்றபடி சௌக்கியம். நீங்கள் இருவரும் நலம்தானே? ரெஸிக்குக் கொசுக்கடி ஆறிவிட்டதா?

இத்தனை வருடம் எத்தனையோ விடுமுறை போயிருக்கிறேன். இப்படி ஒன்று வாய்த்ததில்லை. இரண்டாம் நாள் மழை பெய்ததே, நினைவிருக்கிறதா? மழை வந்தால் எனக்கு அட்டை எழுதும் நாள். கடையில் ஏரிப்படம் போட்ட அட்டைகள் ஒரு கட்டு வாங்கிவந்திருந்தேன். எல்லாவற்றிலும் அதே நாலு வரி: வானிலை, வீட்டின் பெயர், கிராமத்தின் பெயர், பதினைந்தாம் தேதி வரை இங்கே இருப்போம். முகவரிச் சீட்டுகளை வழக்கம்போல் ஜனவரியிலேயே டைப் அடித்து வைத்திருந்தேன், அட்டை மேல் அட்டையாக ஒட்டித் தள்ளினேன். ஏன் இதை எழுதுகிறேன் என்றால், அப்போது நீயும் ஹெட்டாவும் சமையலறையில் எதற்கோ சிரித்தீர்கள். நீ அப்படிச் சிரித்து நான் கேட்டு இருபது வருடம் இருக்கும். கையில் பசையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்த ஒரு சிரிப்புக்காக வருடம் முழுக்க வேலை செய்யலாம் என்று தோன்றியது.

இந்தத் தடவை அட்டை ஒன்றுகூடத் தவறவில்லை. பல் டாக்டர் நன்றி சொன்னார், தலைமையாசிரியர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி, "டென்மார்க்னு சொல்லிட்டுப் போனீங்க, தபால்தலை ஸ்வீடன்னு இருக்கு" என்றாள். கடைசி நேரத்தில் மாற்றினோம் என்று சமாளித்தேன். எப்படி என் சாமர்த்தியம்?

ரெஸிக்கு முத்தம்.
ரைன்ஹோல்ட்

*

எக்செலா, 23 ஆகஸ்ட்

அண்ணா,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ ஜனவரியில் டைப் அடித்தபோது எங்கள் வீட்டு முகவரியும் அதில் இருந்திருக்குமே. நாம் சேர்ந்து போகாத வருடங்களிலெல்லாம் உன் அட்டை எங்களுக்கு வந்திருக்கிறது. சேர்ந்து போன வருடங்களிலும் வந்திருக்கிறது, திரும்பி வந்து கதவைத் திறந்தால் தரையில் கிடக்கும். அவர்கூட, "உங்கண்ணன் நம்ம கூடவே இருந்துகிட்டு நமக்கே அட்டை போடறான்" என்று சிரிப்பார்.

அந்தச் சீட்டை இந்தத் தடவை கிழித்துப் போட்டாயா?

போட்டிருப்பாய். நீ எதையும் மறக்கிறவன் இல்லை. ஆனால் அவரிடமிருந்து இத்தனை நாளாக ஒரு சத்தமும் இல்லை, மறுபடி கதவுக்கு நாற்காலி முட்டுக்கொடுத்துத்தான் படுக்கிறேன். சீவ் அம்மாவிடம் போன் கிடையாது, கடையில் பேசினால் கிராமமே கேட்கும், அதனால் எழுதுகிறேன். பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் ரெஸிக்குப் பள்ளி திறக்கிறது. புதுப் பை வாங்கித் தந்திருக்கிறேன், அதை மாட்டிக்கொண்டே தூங்குகிறாள். போக வேண்டாம் என்று நீ சொன்னால் இருந்துவிடுவேன். ஒரே ஒரு வரி எழுது.

கெசீனா

*

தந்தி
காஸல், 27 ஆகஸ்ட்

அட்டை போய்விட்டது. நான் பார்க்காமல் ஒட்டிவிட்டேன். உடனே கிளம்பு. எதையும் எடுக்காதே. சீவ் அம்மாவோடு போலீசுக்குப் போ. நான் காரில் வருகிறேன். ரைன்ஹோல்ட்

*

(கப்பல் படம் போட்ட அட்டை)
ட்ரெல்லெபோர்க் துறைமுகம், ஸ்வீடன், 26 ஆகஸ்ட்

அன்பு மைத்துனர் ரைன்ஹோல்டுக்கும் ஹெட்டாவுக்கும்,

நலம், உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும். உங்கள் அட்டை ஆகஸ்ட் முதல் வாரமே கிடைத்தது. எந்த வருடமும் மறக்காமல் அனுப்புகிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. வீட்டின் பெயர்கூட எழுதியிருந்ததால் தேட வேண்டிய சிரமம் இருக்கவில்லை. பதினைந்தாம் தேதி வரை இருப்போம் என்று போட்டிருந்தீர்கள். உங்கள் விடுமுறையைக் கெடுப்பானேன் என்று காத்திருந்து வந்தேன். அழகான ஏரி.

இப்போது மூன்று பேரும் வீடு திரும்புகிறோம். கெசீனாவால் இப்போதைக்கு எழுத முடியாது. அதனால் கடிதம் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அடுத்த வருட விடுமுறைக்கு நானே பதிவு செய்துகொள்கிறேன், நீங்கள் சிரமப்படாதீர்கள்.

உங்கள் கோர்பினியன்

மாமா, அட்டை அனுப்பியதற்கு நன்றி. அப்பா எழுதச் சொன்னார். ரெஸி.